துணி விற்று வாங்கிய மணல்: சோழமண்டல ஓவியர் கிராமமும் அதற்கு முன்பே வந்த இதழும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையைத் தாண்டி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினால் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966இல் தொடங்கியது. ஓவியம் விற்ற பணத்தில் வாங்கிய நிலம் என்று பல காலம் நினைத்திருந்தேன். அதை வாங்கிக் கொடுத்தது மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி.

அறுபதுகளின் முற்பகுதியில் மெட்ராஸ் கலைக் கல்லூரியின் மாணவர்களும், படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர்களும், அவர்களுடைய ஆசிரியர்களும் மாலை நேரங்களில் ஒன்றாக உட்கார்ந்து பாத்திக் செய்தார்கள். பாத்திக் வேலை பார்க்க எளிது, செய்தால்தான் தெரியும். அடுப்பில் உருகிக்கொண்டிருக்கும் மெழுகில் தூரிகையைத் தோய்த்து, சூடு ஆறுவதற்குள் துணியில் கோட்டை இழுத்துவிட வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணிக்குள் இறங்காது, மேலேயே படர்ந்து நிற்கும். அடியில் சாயம் புகுந்துவிடும். சூடு கூடினால் கோடு அகன்று ஓடிவிடும். மெழுகு பிடித்த இடத்தில் சாயம் ஏறாது. வெளிர் நிறத்தில் முக்கி எடுத்து, உலர்த்தி, மறுபடி மெழுகு வைத்து, அடுத்த நிறத்தில் முக்கி, இப்படியே அடர்ந்த நிறம்வரை போக வேண்டும். கடைசியில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மெழுகைக் கழற்றுவார்கள். மெழுகு மடிந்து வெடித்த இடங்களில் சாயம் இழை இழையாக இறங்கி, இலை நரம்பு போல ஓடியிருக்கும். அதுதான் பாத்திக்கின் அழகு. தவறாகப் போன கோட்டை அழிக்க வழியில்லை. மெட்ராஸ் ஓவியர்களின் கோடு உறுதியானது என்று விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அந்த உறுதியில் இந்த மெழுகுக் கோட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஓவியம் வாங்கத் தயங்குகிறவர்கள் ஜன்னல் திரைக்கும் சேலைக்கும் பாத்திக் வாங்கினார்கள். கலைஞர்கள் கைவினைச் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்து, விற்ற காசைச் சேர்த்தார்கள். அந்தக் காசுதான் நகரத்துக்கு வெளியே, கடலோரத்தில், எட்டுப் பத்து ஏக்கர் மணலாக மாறியது. அன்றைக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பும் பனையும் மீனவர் குப்பங்களும்தான். இன்றைய அகலச் சாலை கிடையாது. மின்சாரமும் பிறகுதான் வந்தது.

ஓவியம் படித்தவர்கள் ஏன் துணியில் இறங்கினார்கள்? அந்தக் கல்லூரியின் கதை தெரிந்தால் விளங்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பதை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. தச்சு, உலோகம், மட்பாண்டம், அச்சு என்று தொழில் கற்றுத்தரும் இடமாகவே அது நெடுங்காலம் இருந்தது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் கால் ஊன்றியதே 1898இல் இந்தப் பள்ளியின் பட்டறையில்தான் என்றால் இன்று பலருக்கு நம்புவது கடினம். ஓவியமும் சிற்பமும் அங்கே கலையாகத் தலையெடுத்தது தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பிறகு. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர். அவருக்குப் பின் 1957இல் முதல்வர் ஆனவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911இல் கோவையில் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கேயே ஆசிரியராகி, அங்கேயே முதல்வரானார். 1954இல் லண்டனிலும் பாரீஸிலும் தன் படங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பினார். தன் மாணவர்களுக்கு நடப்பதை அவர் ஆண்டுதோறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் படித்து, நன்றாகவே வரைந்துகொண்டிருந்த பையன் படிப்பு முடிந்ததும் பள்ளியில் டிராயிங் மாஸ்டராகப் போவான். இல்லையென்றால் விளம்பரக் கம்பெனியில் உட்காருவான். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் நெசவாளர் சேவை மையத்தில் துணி வடிவமைப்பு வேலை கிடைக்கும். ஓவியர்கள் ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் தூரிகையைத் தொடுவதை விட்டுவிடுவார்கள். பணம் போட்டு ஓவியம் வாங்கும் பழக்கம் மெட்ராஸில் அநேகமாக இல்லை. தனியார் காட்சிக்கூடம் என்று சொல்லும்படி இருந்தவையும் மிகச் சில. சரளா ஆர்ட் சென்டர் 1965இல்தான் வந்தது.

பணிக்கர் இதற்குக் கண்டுபிடித்த விடை மிக எளிமையானது. கை தெரிந்த தொழிலை வைத்து அரை நாள் பிழை, மீதி அரை நாள் யாருக்கும் பதில் சொல்லாமல் வரை. கைவினையில் வரும் காசு ஓவியத்துக்குச் சோறு போடட்டும். ஓவியம் சந்தையைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டாம். கைத்தொழில் பள்ளியில் படித்தவர்கள் என்று மற்ற நகரங்கள் குறையாகப் பார்த்ததையே அவர் முதலாக்கினார். இந்தியாவில் வேறு எந்த ஓவியர் குழுவும் தன் பிழைப்பை இப்படி அடியிலிருந்து யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. பம்பாய்க்கு வாங்குகிறவர்கள் இருந்தார்கள், டெல்லிக்கு லலித் கலா அகாடமி என்ற அரசுக் கலை அமைப்பும் தூதரகங்களும் இருந்தன. மெட்ராஸ் ஓவியர்களுக்கு மெழுகும் துணியும் இருந்தன.

நிலம் எப்படி வந்தது என்பது இந்தக் கதையில் ஒரு பாதிதான். மறுபாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மணலுக்கு முன்பே, ஐந்து வருடம் முன்னாலேயே, தாள் வந்துவிட்டது. பணிக்கரும் அவருடைய சகாக்களும் 1944இலேயே மெட்ராஸில் முற்போக்கு ஓவியர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சங்கம் 1961இல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைக் கொண்டுவந்தது. மெல்லிய இதழ். கண்காட்சி விமர்சனம், கலைஞர்களே தங்கள் வேலையைப் பற்றி எழுதியவை, இந்தியத்தன்மை என்றால் என்ன என்ற ஓயாத வாக்குவாதம் என்று போகும். கலை விமர்சகர் ஜோசப் ஜேம்ஸ் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். மெட்ராஸ் ஓவியம், சிற்பம் பற்றி இன்று நாம் புழங்கும் சொற்களில் பாதி அவர் எழுத்து வழியாக வந்தவை.

அந்தக் காலத்தில் ஓவிய இதழ் நடத்துவதில் இருந்த சிரமத்தை ஒரு கணம் யோசித்துப் பார்க்க வேண்டும். எழுத்து கோப்பது ஈயத்தில். படம் போட வேண்டும் என்றால் அதைப் புகைப்படம் எடுத்து, புள்ளி புள்ளியாக உடைத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அடித்துத் தர வேண்டும். அச்சகத்தில் அதற்குப் பெயர் பிளாக். ஒவ்வொரு பிளாக்குக்கும் சதுர அங்குலக் கணக்கில் காசு. கலரில் போடுவது என்றால் ஒரே படத்துக்கு மூன்று நான்கு பிளாக்குகள், ஒவ்வொன்றையும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். சிறிய சங்கத்தின் கையில் அதற்கு ஏது காசு? ஆக, நிறமே உயிரான ஒரு கலையைப் பற்றிய இதழ் கறுப்பு வெள்ளையில் பேச வேண்டியிருந்தது. நிறத்தைச் சொல்லால் ஈடுகட்ட வேண்டியிருந்தது. அதனால் அந்தத் தலைமுறைக்குத் தங்கள் படத்தைப் பற்றி எழுத வந்தது. வேறு வழியில்லாமல் வந்த பழக்கம்தான், ஆனாலும் நல்ல பழக்கம்.

இதழ் ஏன் தேவைப்பட்டது? கண்காட்சி என்பது பத்து நாள் சமாச்சாரம். சுவரில் ஆணி அடிக்கிறோம், படம் மாட்டுகிறோம், வேண்டியவர்கள் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் நான்கு வரி வருகிறது, அதற்குள் சுவர் காலியாகிவிடுகிறது. பார்க்காதவருக்கு அது நடக்கவே இல்லை. டெல்லியில் இருப்பவருக்கும் பம்பாயில் இருப்பவருக்கும் மெட்ராஸ் சுவரில் இருந்தது தெரியாது. தபாலில் வந்தது தெரியும். இந்த வருடக் கண்காட்சிக்கும் அடுத்த வருடக் கண்காட்சிக்கும் நடுவில் ஒரு நூல் ஓட வேண்டும் என்றால் அதைப் பக்கத்தில்தான் ஓட்ட முடியும். போன கண்காட்சியில் இவர் எங்கே நின்றார், இப்போது எங்கே வந்திருக்கிறார், அதில் எது உண்மையான நகர்வு, எது பாவனை என்று யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் தனித்தனிப் படங்கள் ஓர் இயக்கமாகத் திரளும். மெட்ராஸ் இயக்கம் என்று இன்று அருங்காட்சியகங்கள் பெயர் சூட்டுவதற்கு அடித்தளம் அந்த மெல்லிய இதழில் போடப்பட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

அறுபதுகளில் இந்தியாவில் இந்தத் தாகம் பல ஊர்களில் ஒரே நேரத்தில் இருந்தது. டெல்லியில் ஜே. சுவாமிநாதன் 1966இல் ‘கான்ட்ரா 66’ கொண்டுவந்தார். பரோடாவில் குலாம் முகமது ஷேக்கும் பூபேன் கக்கரும் 1969இல் ‘விருச்சிக்’ தொடங்கி, கவிதையும் அச்சுப்படமுமாக நடத்தி, லலித் கலா அகாடமியின் நடைமுறைகளை எதிர்த்து ஓவியர்களைத் திரட்டினார்கள். ‘கான்ட்ரா 66’ அதிக நாள் நீடிக்கவில்லை, ‘விருச்சிக்’ 1973இல் நின்றது. இரண்டும் கொடுக்கு உள்ள இதழ்கள். அவற்றோடு வைத்துப் பார்த்தால் ஆர்ட்ரெண்ட்ஸ் அடக்கமானது, ஆசிரியர் அறையின் வாசனை அடிப்பது. ஆனால் இருபது வருடத்துக்குக் கிட்ட வந்தது. காரணம், பின்னால் ஒரு சங்கம் இருந்தது. பிறகு சங்கத்துக்குப் பின்னால் ஒரு கிராமமே இருந்தது.

கிராமத்துக்குள் போவோம். முதலில் வந்தவர்கள் ஏறக்குறைய முப்பது பேர். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்று கலந்த கூட்டம். வாசுதேவ், விஸ்வநாதன், ஹரிதாசன், சேனாதிபதி, கோபிநாத், வெங்கடபதி, பி.எஸ். நந்தன், பணிக்கரின் மகனான சிற்பி நந்தகோபால் என்று பட்டியல் நீளும். அக்கித்தம் நாராயணனும் விஸ்வநாதனும் சீக்கிரமே பாரீஸ் போய்த் தங்கிவிட்டார்கள். அறுபதுகளின் கடைசியில் சுல்தான் அலி டெல்லியில் லலித் கலா அகாடமி வேலையை விட்டுவிட்டு மணலுக்கு வந்து சேர்ந்தார். வயதிலும் பெயரிலும் மூத்தவர், பழங்குடியினரின் உருவங்களையும் எழுத்துகளையும் தன் கித்தானுக்குள் கொண்டுவந்தவர். அவரவர் மனையில் அவரவர் வீடு கட்டினார்கள், சிலர் கையாலேயே. நடுவில் பொதுவான காட்சிக்கூடம், பட்டறை. பிறகு திறந்தவெளி அரங்கம், வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்க விருந்தினர் அறைகள். வாங்க வருகிறவர் காட்சிக்கூடத்தில் படத்தைப் பார்ப்பார், பிடித்திருந்தால் பத்தடி நடந்து வரைந்தவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்காருவார். இடைத்தரகர் கிடையாது. விற்றதில் ஒரு பங்கு கைவினைச் சங்கத்துக்குப் போகும், பொதுச் செலவு அதில் நடக்கும்.

சுயாதீனம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அரசை அண்டக் கூடாது என்று இவர்கள் விரதம் எடுக்கவில்லை. பணிக்கரே 1967 வரை அரசுக் கல்லூரி முதல்வர். பலர் அகாடமி விருதுகள் வாங்கியவர்கள், உதவித்தொகை பெற்றவர்கள். சென்னையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் வர வேண்டும் என்று பணிக்கர் விரும்பினார். அவர் இறந்த மறுவருடம், 1978இல், கிரீம்ஸ் சாலையில் அது திறந்தது. ஆனால் அந்த உதவிகள் நின்றுபோனாலும் நிற்காத மூன்று விஷயங்களை இவர்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். காலடி மண் சொந்தம். கஞ்சிக்கு வழி சொந்தம். தங்களைப் பற்றி எழுதும் பக்கமும் சொந்தம். இதில் ஒன்று மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லாமல் எத்தனையோ கலைக்குழுக்கள் ஐந்தாறு வருடத்தில் கலைந்திருக்கின்றன. வாடகைக் கட்டிடத்தில் நடந்த கூடங்கள் வாடகை ஏறியதும் போயின, மானியத்தில் நடந்த இதழ்கள் அதிகாரி மாறியதும் போயின.

இந்த ஏற்பாடு ஒருவரின் வாழ்வில் என்ன செய்தது என்பதற்கு ஓவியர் கே. ராமானுஜத்தைச் சொல்ல வேண்டும். 1941இல் பிறந்தவர். பேச்சு எளிதாக வராது. மனநோயோடு போராடியவர். வேறு எந்த அலுவலகமும் எந்தக் காட்சிக்கூடமும் அவரை உள்ளே விட்டிருக்காது. பணிக்கர் அவரைக் கல்லூரியிலும் பிறகு கிராமத்திலும் தன் நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்டார். ராமானுஜம் பேனாவும் மையும் கொண்டு ஓர் உலகத்தையே கட்டினார். அந்தக் கோட்டோவியங்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து சாம்பல் நிறப் பரப்பாகத் தெரிவது, அருகே போகப் போக ஆயிரக்கணக்கான நுண்கோடுகளாகப் பிரியும். கோபுரமா அரண்மனையா என்று சொல்ல முடியாத மாடங்கள், படிக்கட்டுகள், நெளியும் நாகங்கள், சிறகு முளைத்த விலங்குகள், அலங்கரித்த பெண்கள். அவர்கள் நடுவில் பல படங்களில் தொப்பி வைத்த ஓர் ஆள் இருப்பார். அது ராமானுஜமேதான். வெளியே யாரும் நின்று பேசாத மனிதர், உள்ளே எல்லோரும் சூழ வீற்றிருக்கிறார். அவர் கோடு எங்கேயும் அவசரப்படுவதில்லை. ஒரு மாடத்தின் விளிம்பை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது, ஒவ்வொரு செதிலையும் ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக மதிக்கிறது. நேரம் காசாகாத ஓரிடத்தில் உட்கார்ந்தவரால்தான் அப்படி வரைய முடியும். மெட்ராஸ் கன்னிமாரா ஓட்டலுக்காகப் பெரிய சுவரோவியமும் செய்தார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கிராமம் அவரைக் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் அந்தப் படங்கள் பிறக்க ஓரிடம் தந்தது. வேறெங்கும் அவை பிறந்திருக்காது.

உலோகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கைத்தொழிலும் கலையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தது அங்கேதான் நன்றாகத் தெரியும். நம் கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை எண்ணிப் பாருங்கள். தகட்டைத் தட்டித் தட்டி உருவம் எழுப்பியிருப்பார்கள். முன்னால் மட்டும் பார்க்கும்படி இருக்கும், பின்பக்கம் குழிவு. மெட்ராஸ் சிற்பி ஜானகிராம் செம்புத் தகட்டை அப்படி எடுத்தார், அதன் மேல் கம்பியை ஒட்டவைத்துக் கோடாக்கினார். நந்தகோபால் செம்பும் பித்தளையும் வைத்துப் பற்றவைத்து, முன்னிருந்து பார்க்கும் சிற்பத்தைப் பெரிதாக வளர்த்தெடுத்தார். மேற்கில் சிற்பம் என்றால் சுற்றி வந்து பார்ப்பது. இங்கே நேரெதிரே நின்று பார்ப்பது, சந்நிதியில் நிற்பது போல. ஏன் இப்படி என்பதை விளக்கிச் சொல்ல ஒரு விமர்சகரும் ஓர் இதழும் இருந்ததால்தான் ‘இவர்களுக்கு முழுச் சிற்பம் வரவில்லை’ என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை. 1963 வாக்கில் பணிக்கர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களுக்கும் இதே கதைதான். ஜாதகக் கட்டம் போலவும் கணக்கு நோட்டு போலவும், மலையாள எழுத்தின் சாயலில் படிக்க முடியாத வரிகள் நெருக்கிக் கிடக்கும் படங்கள் அவை. முதல் முறை பார்ப்பவர் திகைப்பார். பக்கத்தில் யாராவது எழுதி வைத்திருந்தால் அந்தத் திகைப்பு பார்வையாக மாறும்.

குறைகளை மறைப்பது அன்பாகாது. கிராமத்தில் பெண்கள் மிகக் குறைவு. சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்னவாஸ் என்று விரல்விட்டு எண்ணலாம். கல்லூரியில் பெண்கள் படிக்காமலா இருந்தார்கள்? மனை வாங்கி, கடலோரத்தில் தனியாக வீடு கட்டிக் குடியேறு என்று அன்றைய குடும்பம் எந்தப் பெண்ணுக்குச் சொல்லும்? சுதந்திரத்துக்கு முன்பணம் கட்ட முடிந்தவர்கள் ஆண்கள். இன்னொன்று, ஓவியம் விலைபோகத் தொடங்கியதும் பாத்திக் பின்னுக்குப் போனது. நிலத்தை வாங்கிக் கொடுத்த துணிக்கு வரலாற்றில் ஒரு பத்திதான் கிடைக்கிறது. அந்தத் துணிகளில் எத்தனை இன்றும் யார் வீட்டுப் பெட்டிகளில் மடித்துக் கிடக்கின்றனவோ.

எனக்கு மிகவும் வலிக்கும் குறை மொழி. ஆர்ட்ரெண்ட்ஸ் ஆங்கிலத்தில் வந்தது. காரணம் புரிகிறது. நான்கு மொழிக்காரர்கள் சேர்ந்த சங்கம்; டெல்லியும் பம்பாயும் படிக்க வேண்டும்; பொதுமொழி வேறு இல்லை. ஆனால் அதன் விளைவு என்ன? ஈஞ்சம்பாக்கத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், தமிழில், இதே காலத்தில் ஒரு பெரிய இலக்கியக் கொந்தளிப்பு நடந்துகொண்டிருந்தது. 1970இல் தொடங்கிய கசடதபற போன்ற சிறுபத்திரிகைகள் புதுக்கவிதைக்காகச் சண்டை போட்டன. அவற்றின் அட்டையிலும் பக்கங்களிலும் மெட்ராஸ் ஓவியர்களின் கோடுகள் வந்தன. ஆதிமூலம் இரு உலகத்துக்கும் நடுவில் பாலமாக நின்றார். காந்தி நூற்றாண்டில் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தார், எத்தனையோ தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தலைப்பெழுத்து எழுதினார், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு வாரப் பத்திரிகையில் படம் போட்டார். நம்மில் பலருக்கு நவீன ஓவியம் முதலில் அறிமுகமானது அப்படித்தான், காட்சிக்கூடத்தில் இல்லை, பத்திரிகைப் பக்கத்தில். கவிதைக்குப் பக்கத்தில் ஓவியம் வந்தது. ஆனால் ஓவியத்தைப் பற்றிய பேச்சு தமிழில் வரவேண்டிய அளவு வரவில்லை. அது ஆங்கில இதழுக்குள் இருந்துவிட்டது. நம் வாசகருக்குக் கோடு கிடைத்தது, அந்தக் கோட்டைப் படிக்கும் மொழி கிடைக்கவில்லை. இன்றும் ஒரு நவீன ஓவியத்தின் முன் நின்று ‘ஒன்றும் புரியவில்லை’ என்று நகர்ந்துவிடும் தமிழ் வாசகர் நவீன கவிதையின் முன் அப்படி நகர்வதில்லை. கவிதைக்குச் சிறுபத்திரிகை செய்த வேலையை ஓவியத்துக்குத் தமிழில் யாரும் தொடர்ச்சியாகச் செய்யவில்லை.

பணிக்கர் 1977 ஜனவரியில் காலமானார். எண்பதுகளின் தொடக்கத்தில் இதழும் நின்றது. கிராமம் நிற்கவில்லை. 2009இல் அங்கே சமகாலக் கலைக்கான மையம் ஒன்றைத் திறந்தார்கள். பணிக்கர் பெயரில் மெட்ராஸ் இயக்கத்துக்கான அருங்காட்சியகமும், லேபர்னம், இண்டிகோ என்று இரண்டு காட்சிக்கூடங்களும், வெளியே கற்சிற்பங்கள் நிற்கும் தோட்டமும் சேர்ந்தது அது. காட்சிக்கூடங்களை வெளியார் கண்காட்சிக்கு வாடகைக்குத் தருகிறார்கள். பாத்திக் செய்த வேலையை ஒரு வகையில் இன்று சுவரே செய்கிறது. மெட்ராஸில் அந்தத் தலைமுறையின் படங்களையும் சிற்பங்களையும் ஒரே கூரையின் கீழ் நின்று பார்க்க வேண்டும் என்றால் போக வேண்டிய முதல் இடம் அதுதான். நந்தகோபால் பல ஆண்டுகள் கிராமத்தின் செயலாளராக இருந்து இதற்காக உழைத்தார். 2017இல் அவரும் போய்விட்டார்.

இப்போது எதிரில் நிற்பது நிலத்தின் விலை. யாரும் சீண்டாத மணலாக இருந்ததால்தான் பாத்திக் காசுக்கு அது கிடைத்தது. இன்று அந்தச் சாலையின் இருபுறமும் பங்களாக்களும் உணவகங்களும் அடுக்குமாடிகளும். நிறுவியவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள், வீடுகள் பிள்ளைகளுக்குப் போகின்றன. பிள்ளைகள் எல்லோரும் ஓவியர்கள் ஆகிவிடுவதில்லை, ஆக வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஓர் ஓவியர் கிராமத்தில் ஓவியம் வரைகிறவர்கள் குறைந்துகொண்டே போனால் அங்கே மிஞ்சுவது என்ன என்பது அங்கே இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இருபது வயதுக்காரர் ஒருவர் இன்றைக்கு அதே போல நண்பர்களோடு சேர்ந்து சென்னைக்கு அருகே எட்டு ஏக்கர் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. அந்தக் கதவு அடைத்துவிட்டது.

ஆனால் பக்கத்தின் கதவு அடைபடவில்லை. 1961இல் பிளாக்குக்குச் சதுர அங்குலக் கணக்கில் காசு கொடுத்தவர்கள் இன்றைக்கு இருந்தால் எத்தனை மகிழ்ந்திருப்பார்கள்! படத்தை நிறத்தோடு போட இன்று பெரிய செலவில்லை. ஆர்ட்ரெண்ட்ஸ் இதழ்களிலிருந்து தேர்ந்தெடுத்த கட்டுரைகள் தமிழில் வரவேண்டும், நல்ல மொழிபெயர்ப்பாக, நல்ல படங்களோடு. இது யாராவது ஒரு சிறு பதிப்பகமும் இரண்டு மூன்று ஆர்வலர்களும் சேர்ந்தால் முடிகிற வேலை. கலைக் கல்லூரி மாணவர்கள் பலர் இன்று கிராமங்களிலிருந்து, தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறார்கள். தங்களுடைய கல்லூரியின் பழைய மாணவர்கள் என்ன யோசித்தார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதை அவர்கள் தங்கள் மொழியில் படிக்கக் கிடைக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கண்காட்சியில் ராமானுஜத்தின் கோட்டோவியம் ஒன்றின் முன் நின்றிருந்தேன். பக்கத்தில் ஓர் அப்பாவும் ஏழெட்டு வயதுப் பெண்ணும். அவள் மூக்கு கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, “அப்பா, இந்தத் தொப்பிக்காரர் யாருப்பா?” என்று கேட்டாள். அவர் சங்கடமாகச் சிரித்து, “தெரியலையேம்மா” என்றார். நான் குனிந்து, “இத வரைஞ்சவரேதான் அது. தன்னையே உள்ள வரைஞ்சு வச்சிருக்கார்” என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியிடம் போய்விட்டாள். இந்த முறை ரொம்ப நேரம் நின்றாள். அப்பாவும் அவளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.